18 வயசு ஆனதும் எந்த வார்டு? அரிவாள் செல் நோயில் இளைஞர்கள் தொலைந்துபோகும் இடமும், புதுச்சேரி செய்யக்கூடியதும்

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் பிரதமர் மோடி ஒரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பெயர், தேசிய அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்பு இயக்கம். 17 மாநிலங்களில் பழங்குடியினர் அதிகம் வாழும் பகுதிகளில், 40 வயது வரை உள்ள 7 கோடிப் பேருக்கு மூன்று ஆண்டுகளில் ரத்தப் பரிசோதனை செய்வது இலக்கு. 2047-க்குள் இந்த நோயை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் ஆக்குவது நோக்கம்.

பரிசோதனை வேகமாகவே நடந்தது. 2025 நடுப்பகுதிக்குள் 6 கோடிப் பேரைத் தாண்டியாகிவிட்டது. 2 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் இருப்பதும், 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மரபணுவை மட்டும் சுமப்பவர்கள் என்பதும் தெரியவந்தது.

சரி, கண்டுபிடிச்சாச்சு. அடுத்து என்ன?

இந்தக் கேள்விதான் முக்கியம். அரிவாள் செல் நோய் என்றாலே குழந்தைகள் நோய் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. ஆனால் 40 வயது வரை பரிசோதனை செய்தால், நோய் உறுதியானவர்களில் கல்லூரி மாணவர், கட்டுமானத் தொழிலாளி, முதல் பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண் எல்லோரும் இருப்பார்கள். அவர்கள் எந்த மருத்துவரிடம் போவது, எந்த வார்டில் சேர்வது, ராத்திரி 2 மணிக்கு வலி வந்தால் யார் பார்ப்பது என்பதற்குப் பல ஊர்களில் தெளிவான பதில் கிடையாது.

முதலில், இது என்ன நோய்?

நம் ரத்தச் சிவப்பணுக்கள் வட்டமாக, நடுவில் குழிந்து, நெகிழ்வாக இருக்கும். அவற்றுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். அதை உருவாக்கும் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறினால், ஆக்சிஜன் குறையும்போது அந்தப் புரதம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீளக் கம்பிகளாகிவிடும். செல் விறைத்து, அரிவாள் மாதிரி வளையும்.

இதனால் இரண்டு விளைவுகள். ஒன்று, சாதாரணச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். இது 10 முதல் 20 நாளில் உடைந்துவிடும். அதனால்தான் ரத்தசோகை. இரண்டாவது, விறைத்த செல்கள் சின்ன ரத்தக் குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்ளும். அந்த இடத்துக்கு ரத்தம் போகாது. எலும்புக்குள் இது நடந்தால் வரும் வலி மிகக் கொடுமையானது. மருத்துவர்கள் இதை 'பெயின் கிரைசிஸ்' என்பார்கள்.

அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் இந்த மரபணு வந்தால் மட்டுமே நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் 'கேரியர்'. கேரியர் நோயாளி அல்ல. பெரும்பாலும் அவருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. இரண்டு கேரியர்கள் திருமணம் செய்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25% வாய்ப்பு, கேரியராக இருக்க 50%, இரண்டும் இல்லாமல் இருக்க 25%.

இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு?

நிறைய இருக்கிறது. இந்தியாவில் இந்த மரபணு முதன்முதலில் பதிவானதே நம் பக்கத்தில்தான். 1952-ல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் இருவரும் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இதைக் கண்டு, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். இன்றும் நீலகிரியில் பணியர், இருளர், குறும்பர் உள்ளிட்ட சமூகங்களில் நோயாளிகள் இருக்கிறார்கள். கூடலூரில் அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனையும், கோத்தகிரியில் நாவா அமைப்பும் இவர்களுக்காக நீண்டகாலமாக வேலை செய்துவருகின்றன.

ஒழிப்பு இயக்கத்தின் 17 மாநிலங்களில் தமிழ்நாடு உண்டு. புதுச்சேரி இல்லை. 'இங்கே பழங்குடிகள் குறைவு, நோயும் குறைவு' என்று இதை விட்டுவிடலாமா? கூடாது. மூன்று காரணங்கள்.

முதலாவது, ஜிப்மர். 1823-ல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த இந்த நிறுவனத்துக்குப் புதுச்சேரி மக்கள் மட்டும் வருவதில்லை. விழுப்புரம், கடலூர் என்று சுற்றுப்பட்ட மாவட்டங்களில் இருந்தெல்லாம் வருகிறார்கள்.

இரண்டாவது, வேலைக்கு வருபவர்கள். சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், திருபுவனை தொழிற்பேட்டைகளிலும், நகரின் கட்டுமான இடங்களிலும், ஹோட்டல் சமையல்கட்டுகளிலும் ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், மேற்கு வங்கத்திலிருந்து வந்த இளைஞர்களைப் பார்க்கலாம். இந்த நான்கு மாநிலங்களுமே அந்த 17-ன் பட்டியலில் உள்ளவை. ஊரில் பரிசோதனை செய்து அட்டை வாங்கியவர், அட்டையை ஊரிலேயே வைத்துவிட்டு இங்கே வந்திருக்கலாம். பரிசோதனையே செய்யாமல் வந்தவரும் இருக்கலாம். வெயில், தண்ணீர் குடிக்க நேரமில்லாத வேலை, தூக்கமின்மை: இவை மூன்றும் வலியைத் தூண்டுபவை.

மூன்றாவது, உள்ளூர் இருளர் மக்கள். 2016 டிசம்பரில்தான் புதுச்சேரியில் இருளர் (வில்லி, வேட்டைக்காரன் உட்பட) பட்டியல் பழங்குடியாக அறிவிக்கப்பட்டார்கள். நீலகிரி இருளர் நிலை அப்படியே இங்கும் இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. இரண்டும் வேறு வேறு சமூக வரலாறு. ஆனால் பரிசோதித்துப் பார்க்காமல் 'இங்கே இல்லை' என்றும் சொல்ல முடியாது.

18 வயதில் என்னதான் நடக்குது?

குழந்தையாக இருக்கும்வரை ஒரு பாதுகாப்பு வளையம் இருக்கிறது. ஒரே குழந்தை மருத்துவர், தெரிந்த நர்ஸ், ஃபைலைச் சுமக்கும் அம்மா. பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் போய்ப் பரிசோதிக்கும் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டமும் 18 வயது வரைதான்.

அதற்குப் பிறகு? பல மருத்துவமனைகளில் 12 வயதோடு, சிலவற்றில் 18 வயதோடு குழந்தைகள் பிரிவின் கதவு மூடிவிடும். 'இனிமே ஜெனரல் மெடிசின் ஓ.பி.க்குப் போங்க' என்று ஒரு சீட்டு. அங்கே நூற்றுக்கணக்கானோர் வரிசை. ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவர். அதே நேரத்தில் அந்தப் பையனோ பெண்ணோ ஹாஸ்டலுக்கோ வேலைக்கோ ஊர் மாறியிருப்பார்கள். மாத்திரையை ஞாபகப்படுத்த அம்மா பக்கத்தில் இருக்கமாட்டார். 'எனக்கு இப்படி ஒரு நோய்' என்று நண்பர்களிடம் சொல்லக் கூச்சம். மெதுவாகப் பரிசோதனைக்குப் போவது நிற்கும்.

இது வெறும் ஊகம் இல்லை. அமெரிக்காவின் டாலஸ் நகரில், பிறந்தவுடன் நோய் கண்டறியப்பட்ட குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். 2010-ல் வெளியான முடிவுப்படி, கடும் வகை நோய் உள்ளவர்களில் சுமார் 94% பேர் 18 வயதைத் தொட்டார்கள். நல்ல செய்திதான். ஆனால் அண்மைக் கால மரணங்களில் பெரும்பாலானவை 18 வயதுக்குப் பிறகு, பெரியவர்கள் பிரிவுக்கு மாறிய கொஞ்ச காலத்திலேயே நடந்திருந்தன. நோய் அந்த ஒரு வருஷத்தில் திடீரென்று மாறிவிடவில்லை. கவனிக்கும் ஏற்பாடு மாறியது.

பெரியவர்களுக்கு நோய் எப்படி வேறுபடுகிறது?

குழந்தைப் பருவத்தில் பெரிய பயம் தொற்றும் பக்கவாதமும். வயது ஏற ஏற, வருஷக்கணக்காக நடந்த சின்னச் சின்ன அடைப்புகளின் பாதிப்பு ஒவ்வொரு உறுப்பிலும் தெரிய ஆரம்பிக்கும்.

- இடுப்பு மூட்டு: தொடை எலும்பின் மேல்நுனிக்கு ரத்தம் போகாமல் அந்தப் பகுதி செத்துவிடலாம். இருபதுகளில் இருப்பவர் நொண்டி நடப்பது இதனால் இருக்கலாம்.
- சிறுநீரகம்: சிறுநீரில் புரதம் கசிவதுதான் முதல் அறிகுறி. வெளியே எதுவும் தெரியாது.
- கண்: விழித்திரை பாதிக்கப்படலாம். பார்வை மங்கும்வரை காத்திருந்தால் தாமதம்.
- நுரையீரல், இதயம்: வலி என்று சேர்ந்த நோயாளிக்கு ஓரிரு நாளில் காய்ச்சல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால் அது 'அக்யூட் செஸ்ட் சிண்ட்ரோம்' ஆக இருக்கலாம். உயிருக்கே ஆபத்து.
- ஆண்கள்: மணிக்கணக்கில் நீடிக்கும், வலியுள்ள விறைப்பு. வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்தால் நிரந்தரப் பாதிப்பு. நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.
- பெண்கள்: கர்ப்பம் அதிக ஆபத்துள்ளது. மகப்பேறு மருத்துவரும் ரத்தநோய் மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

இவற்றில் பலவற்றை வருஷத்துக்கு ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை, விழித்திரைப் பரிசோதனை, தேவைப்பட்டால் எக்கோ என்று பார்த்தாலே முன்கூட்டிப் பிடிக்கலாம். இவை எதுவும் விண்வெளித் தொழில்நுட்பம் இல்லை. பெரும்பாலானவை மாவட்ட மருத்துவமனையிலேயே உண்டு. யார் எப்போது எழுதித் தருவது என்பதற்குத்தான் ஆள் இல்லை.

'ஊசிக்காக நடிக்கிறாங்க'

பெரியவர்கள் சந்திக்கும் மிகப் பெரிய அவமானம் அவசர சிகிச்சைப் பிரிவில் நடக்கிறது. பெயின் கிரைசிஸை உறுதிசெய்ய ஒரு ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் சாதாரணமாகவே இருக்கலாம். நோயாளி சொல்வதுதான் ஆதாரம். 'எனக்கு இந்த ஊசி போட்டாத்தான் கேட்கும்' என்று அனுபவத்தில் சொன்னால், போதைக்கு அலைபவர் என்று சந்தேகிக்கிறார்கள். இன்னொரு மொழி பேசும் தொழிலாளியாக இருந்தால் அதைச் சொல்லவும் முடியாது.

இங்கிலாந்தில் 2019-ல் 21 வயது இளைஞர் ஒருவர் வடக்கு லண்டன் மருத்துவமனையில் படுத்திருந்தபடியே, ஆக்சிஜன் வேண்டும் என்று அவசர உதவி எண்ணுக்குப் போன் செய்தார். பிறகு அவர் இறந்தார். அந்த மரணத்தை ஒட்டி பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர்கள் குழு விசாரித்து 2021 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. 'யாரும் கேட்பதில்லை' என்பதுதான் அதன் தலைப்பின் பொருள். வசதியான நாட்டிலேயே இந்த நிலை.

வழிகாட்டுதல் தெளிவாகவே இருக்கிறது. நோயாளி வந்த 30 நிமிடத்துக்குள் வலிநிவாரணி தர வேண்டும் என்கிறது பிரிட்டனின் நைஸ் அமைப்பு. ஒரு மணி நேரத்துக்குள் என்கிறது அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல். நம்மிடமும் மார்ஃபின் சட்டவிரோதம் அல்ல. 2014-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு, மருத்துவப் பயன்பாட்டுக்கான உரிம நடைமுறை எளிதாக்கப்பட்டது. வார்டில் மருந்து இருக்க வேண்டும். அதைக் கொடுக்க எழுதிவைத்த நெறிமுறையும் இருக்க வேண்டும்.

மருந்து இருக்கா?

இருக்கு. விலை குறைந்த பழைய மருந்துதான் இன்றும் முதல் தேர்வு: ஹைட்ராக்ஸியூரியா. கரு நிலையில் நமக்கெல்லாம் இருந்த ஒருவகை ஹீமோகுளோபினை இது மறுபடியும் கூட்டுகிறது. செல் வளைவது குறைகிறது. 1995-ல் வெளியான அமெரிக்க ஆய்வு பெரியவர்களிடம்தான் நடந்தது. வலித் தாக்குதல்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. 1998-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் உண்டு.

ஆனால் இது தினமும், வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டிய மாத்திரை. ரத்த அணுக்களின் எண்ணிக்கையை அவ்வப்போது பார்க்க வேண்டும். குழந்தை பெறத் திட்டமிடும்போது முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி நிறுத்த வேண்டும். மாதம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி, வரிசையில் நின்று மாத்திரை வாங்க வேண்டும் என்றால் யார் தொடர்வார்? 'பேஷன்ட் ஒழுங்கா மருந்து சாப்பிடறதில்ல' என்று சொல்வதற்கு முன் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

புதிய சிகிச்சைகள்? வாக்ஸிலோட்டர் என்ற மாத்திரையை 2024 செப்டம்பரில் ஃபைசர் நிறுவனம் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றது. 2023 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த இரண்டு மரபணு சிகிச்சைகளின் விலை 22 லட்சம் டாலர், 31 லட்சம் டாலர். இந்தியாவின் சிஎஸ்ஐஆர் ஆய்வகம் உருவாக்கிய 'பிர்சா 101' 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, தயாரிப்புக்காக சீரம் நிறுவனத்துடன் கைகோத்திருக்கிறது. நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் இன்று ராத்திரி வலியில் துடிப்பவருக்கு அது பதில் அல்ல.

பிரெஞ்சுத் தொடர்பு ஒன்று

புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கரும்புத் தோட்டக் கூலிகளாகத் தமிழர்கள் கப்பலேறிய தீவுகளில் ஒன்று குவாதலூப். ஆப்பிரிக்க வம்சாவளியினர் பெருவாரியாக வாழும் அந்தத் தீவில் அரிவாள் செல் நோய் அதிகம். 1984-லேயே பிறந்த குழந்தைகளுக்குப் பரிசோதனை தொடங்கினார்கள். பிறகு இந்த நோய்க்கென்றே தனி மையம் அமைத்தார்கள். பிரான்ஸ் நாட்டில் 2024 நவம்பர் முதல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தப் பரிசோதனை உண்டு. இனம், ஊர் எதுவும் கேட்பதில்லை.

இதில் நமக்கான பாடம் எளிது. பரிசோதனையும் சிகிச்சையும் ஒரே சங்கிலியாக இருக்க வேண்டும். எண்ணிக்கையோடு நின்றுவிடக் கூடாது.

புதுச்சேரி என்ன செய்யலாம்?

பெரிய கட்டடம் எதுவும் வேண்டாம். ஐந்து விஷயங்கள்.

1. ஒரு பதிவேடு. அரசு மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் பதிவான அரிவாள் செல் நோயாளிகளின் பட்டியல், வயதுவாரியாக. இயக்கத்தின் பட்டியலில் இல்லாவிட்டாலும் யூனியன் பிரதேச சுகாதாரத் துறையே இதைச் செய்யலாம்.

2. சேர்ந்த கிளினிக். மாதத்தில் ஒரு நாள் குழந்தை மருத்துவரும் பெரியவர்களைப் பார்க்கும் மருத்துவரும் ஒரே அறையில். 13, 14 வயதிலேயே தயார்ப்படுத்தத் தொடங்கி, புதிய மருத்துவரை முதல்முறை பார்த்த பிறகுதான் பழைய ஃபைலை மூட வேண்டும். வராதவர்களுக்கு ஒரு போன் கால்.

3. அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு பக்க நெறிமுறை. தமிழ், ஆங்கிலம், இந்தி, ஒடியா, வங்க மொழிகளில் நான்கு கேள்விகள். வலிக்கு மருந்து எத்தனை நிமிடத்தில், எந்த அறிகுறி ஆபத்து என்பது சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

4. பக்கத்திலேயே மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹைட்ராக்ஸியூரியாவும் ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரேயடியாக. வேலை நேரத்துக்குப் பிறகும் திறந்திருந்தால் நல்லது.

5. ஆண்டுப் பரிசோதனையும் தடுப்பூசியும். சிறுநீர், கண், இடுப்பு, மனநலம், நிமோகாக்கல் தடுப்பூசி. ஒரே நாளில், ஒரே சீட்டில்.

நோயுள்ள இளைஞர்கள் கையில் என்ன இருக்க வேண்டும்?

மொபைலில் ஒரு பக்கம் போதும். நோயின் வகை, ரத்த வகை, வழக்கமான ஹீமோகுளோபின் அளவு, சாப்பிடும் மருந்தும் அளவும், ஒவ்வாமை, வலிக்கு எது கேட்கும், மருத்துவரின் எண். அதை ஒரு நண்பரிடமும் பகிர்ந்து வைக்கலாம்.

காய்ச்சல் 101 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால், நெஞ்சுவலி அல்லது மூச்சுத்திணறல் இருந்தால், பேச்சு குழறினால், கை கால் மரத்தால் வீட்டில் காத்திருக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் அரிவாள் செல் நோயும் ஒன்று. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்று கிடைத்தால், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5% இடஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. ஆனால் அரசு வேலைக்கான 4% ஒதுக்கீட்டில் ரத்த நோய்கள் சேர்க்கப்படவில்லை. படிக்க இடம் தந்துவிட்டு, வேலைக்குப் போகும் வயதில் விட்டுவிடும் இந்த முரண், மேலே பார்த்த மருத்துவமனைக் கதையை அப்படியே ஒத்திருக்கிறது.

நீங்கள் நோயாளி இல்லை என்றால்?

அலுவலகத்தில் டீம் லீடராக இருந்தால்: அடிக்கடி தண்ணீர் குடிக்க, ஏசி குளிரிலிருந்து தள்ளி உட்கார, திடீரென லீவு எடுக்க இடம் கொடுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்குபவராக இருந்தால்: 'கை கால் எல்லாம் உடையுது' என்பவரைச் சோம்பேறி என்று முடிவுகட்டும் முன் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். யாரிடமும் கேரியர் அட்டையைக் கேட்டு வேலையையோ திருமணத்தையோ நிறுத்தாதீர்கள். கேரியர் என்பது ஒரு தகவல், அவ்வளவுதான். ரத்த தானம் செய்யுங்கள். இந்த நோயாளிகளில் பலருக்கு வாழ்நாளில் பலமுறை ரத்தம் தேவைப்படும்.

இயக்கத்தின் முதல் மூன்றாண்டு 2025-26 நிதியாண்டோடு முடிகிறது. 'எத்தனை கோடிப் பேரைப் பரிசோதித்தோம்' என்ற எண்ணிக்கை நிச்சயம் வரும். அதோடு இன்னொரு எண்ணையும் கேட்போம்: நோய் உறுதியான 18 வயதுக்கு மேற்பட்டவர்களில், கடந்த ஓராண்டில் ஒரு முறையாவது மருத்துவரைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? புதுச்சேரி சின்ன ஊர். இந்தக் கணக்கை முதலில் எடுத்துக் காட்டுவது இங்கே சாத்தியம்.